30 வருடத்துப் பெல்மெட், பிளைண்ட், சன் ஃபிலிம்: சுவர் பெயராமல் ஜன்னலிலிருந்து கழற்றுவது எப்படி?

நங்கை_மாடிவீடு கேட்டது:

வணக்கம். சென்னை நங்கநல்லூரில் அப்பா 1993இல் கட்டிய மாடிவீட்டுக்கு நாங்கள் குடிபோகப் போகிறோம். நான்கு வருடமாகப் பூட்டிக் கிடந்த வீடு. தை பிறந்ததும் பால் காய்ச்சிவிடலாம் என்று அம்மா சொல்கிறார், அதற்குள் பெயிண்ட் அடித்து முடிக்க வேண்டும். பெயிண்டர் வந்து பார்த்துவிட்டு, ஜன்னலில் இருப்பதை எல்லாம் பிடுங்கிப் போட தனியாக 2,000 ரூபாய் ஆகும் என்றார். சரி என்று சொன்னேன். முதல் ஜன்னலில் திரைக்கம்பியைத் தாங்குகிற கொக்கியைச் சுத்தியலின் பின்பக்கத்தால் நெம்பினார், ஒரு கைப்பிடி அளவு பூச்சு செங்கல் தெரியும்படி பெயர்ந்து விழுந்தது. அத்தோடு நிறுத்தச் சொல்லிவிட்டேன். அதை நாங்களே பொறுமையாகச் செய்துகொள்ளலாம் என்று தோன்றுகிறது, ஆனால் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை.

என்னென்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். ஹாலில் மூன்று ஜன்னலுக்கும் மரப் பெல்மெட் பெட்டி, ஒவ்வொன்றும் ஆறடி நீளம், அதற்குள்தான் திரைக்கம்பி. ஒவ்வொரு முறை வெள்ளையடிக்கும்போதும் ஸ்க்ரூ தலை மேலேயே பெயிண்ட் அடித்து மூடிவிட்டார்கள், இப்போது ஸ்க்ரூ எங்கே இருக்கிறது என்று தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. மேற்கு பார்த்த படுக்கையறையில் கண்ணாடிக்கு சன் ஃபிலிம் ஒட்டியிருக்கிறது. ஒட்டியபோது கறுப்பாக இருந்தது, இப்போது ஊதா நிறமாகி, கொப்புளம் கொப்புளமாக எழும்பி, நகத்தால் சுரண்டினால் பொடிப்பொடியாக வருகிறது. தம்பி இருந்த சின்ன அறையில் தகடு தகடாக இருக்குமே, கயிறு இழுத்தால் ஏறி இறங்கும், அந்த பிளைண்ட். அந்த அறைதான் இனி என் மகளுக்கு, அவளுக்கு இரண்டரை வயது. சமையலறையில் கொசுவலையை வெல்க்ரோ பட்டையால் ஒட்டியிருக்கிறார்கள், அதன் பசை கறுத்துப் போய்த் தொட்டால் பிசுபிசுக்கிறது. மேற்குப் படுக்கையறையை ஒட்டிய பால்கனியில் மூங்கில் தட்டி ஒன்று பாதி நார் விட்டுத் தொங்குகிறது.

அம்மாவுக்கு இதில் எதையும் கழற்ற மனமில்லை. ஹால் திரைகள் அவர் கையால் தைத்தவை. அதை நான் தூக்கிப் போடப் போவதில்லை என்று சொல்லியிருக்கிறேன், ஆனால் தூசியும் பூச்சியுமாக இருக்கிற இடத்தில் குழந்தையை வைத்துக்கொண்டு இருக்க முடியாதே. எதை முதலில் கழற்றுவது, எதை நாமே செய்யலாம், எதற்கு ஆள் கூப்பிட வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

உளிச்சத்தம் பதில்:

நான் குரோம்பேட்டையில் தச்சு வேலை செய்கிறேன், 22 வருடம் ஆகிறது. அந்தப் பெயிண்டரை நிறுத்தியது நல்ல காரியம் தங்கச்சி. பழைய பெல்மெட்டை நெம்பவே கூடாது. அது ஏன் என்று தெரிந்தால் மீதி வேலை சுலபம்.

உங்கள் வீடு கட்டின காலத்தில் எல்லாத் தச்சர்களிடமும் டிரில் மெஷின் கிடையாது. சுவரில் உளியால் ஒரு குழி எடுத்து, அதற்குள் மரக்கட்டையை ஆப்பு மாதிரி அடித்து இறக்கி, சுற்றிலும் சிமெண்ட் பூசி, அந்தக் கட்டையில்தான் ஸ்க்ரூ முடுக்குவார்கள். கட்டை உள்ளே அகலமாகவும் வெளியே ஒடுங்கியும் இருக்கும். வெளியே இழுத்தால் அது வராது, முன்னால் இருக்கிற பூச்சைத்தான் பெயர்த்துக்கொண்டு வரும். உங்கள் முதல் ஜன்னலில் நடந்தது அதுதான். கட்டையைச் சுவரிலேயே விட்டுவிட்டு ஸ்க்ரூவை மட்டும் எடுக்க வேண்டும்.

முதலில் மெயின் ஸ்விட்சை அணையுங்கள். அந்தக் காலத்துப் பெல்மெட்டுக்குள் டியூப் லைட் வைக்கிற வழக்கம் இருந்தது, இப்போது லைட் இல்லாவிட்டாலும் ஒயர் உள்ளே சுருட்டிக் கிடக்கும். டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டு, முனையில் டேப் சுற்றிய பிறகு கை வையுங்கள். ஏணியில் நின்றபடி கையை விட்டுத் துழாவாதீர்கள், டார்ச் அடித்துப் பாருங்கள். பல்லி முட்டை, குளவிக்கூடு எல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கும்.

பிறகு ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் பெல்மெட் முழுக்கத் தட்டிக்கொண்டே போங்கள். எங்காவது சத்தம் பொக்கென்று கேட்டால் உள்ளே கரையான் தின்றிருக்கிறது. அப்படி இருந்தால் அந்தப் பெட்டியை நீங்கள் தொட வேண்டாம், கழற்றும்போது நடுவில் முறிந்து தலையில் விழும், ஆள் வைத்துக்கொள்ளுங்கள். சத்தம் கெட்டியாக இருந்தால் மேலே செல்லலாம்.

அடுத்த வேலையைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பெல்மெட் சுவரைத் தொடுகிற கோடு முழுவதும், மேலே பக்கவாட்டில் எல்லாம், கூர்மையான கத்தியால் கீறிவிடுங்கள். நான்கு தடவை அடித்த பெயிண்ட் மரத்தையும் சுவரையும் சேர்த்து ஒரே தோல் மாதிரிப் பிடித்திருக்கும். அதைக் கீறாமல் பெட்டியை எடுத்தால் சுவர் பெயிண்ட் ஓர் அடி அகலத்துக்கு உரிந்து வரும். ஒரு ஜன்னலுக்குப் பத்து நிமிடம்தான் ஆகும்.

இனி ஸ்க்ரூ. ஆக்சா பிளேடு உடைந்த துண்டு ஒன்று எடுத்துக்கொண்டு, ஸ்க்ரூ தலையில் உள்ள வெட்டுக்குள் விட்டுப் பெயிண்ட் மொத்தத்தையும் சுரண்டி எடுங்கள். வெட்டு சுத்தமாகத் தெரியாமல் டிரைவரை வைத்துத் திருகினால் தலை வழுக்கிக் கெட்டுவிடும், அப்புறம் அந்த ஸ்க்ரூ உங்கள் கைக்கு வராது. வெட்டின் முழு அகலத்துக்கும் பொருந்துகிற டிரைவர்தான் வேண்டும், சின்னது உதவாது. டிரைவரை வைத்து அதன் தலையில் சுத்தியலால் இரண்டு தட்டு. முதலில் முடுக்குகிற பக்கமாக ஒரு நூல் அளவு திருகுங்கள், துரு விட்டுக்கொடுக்கிற ஒரு சின்ன ‘டிக்’ கையில் தெரியும், அதன் பிறகு கழற்றுகிற பக்கம் திருப்புங்கள். அப்படியும் அசையாவிட்டால் தையல் மெஷின் எண்ணெய் விட்டு ஓர் இரவு வைத்துப் பாருங்கள். மறுநாளும் வரவில்லை என்றால், சால்டரிங் அயர்ன் வைத்திருக்கிறவர் யாராவது இருந்தால் ஸ்க்ரூ தலையில் இரண்டு நிமிடம் சூடு காட்டச் சொல்லுங்கள். எண்ணெயை நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் சூடு காட்ட வேண்டும்.

ஆறடிப் பெட்டியை ஒருவராகக் கழற்றாதீர்கள். இரண்டு பேர், இரண்டு ஏணி. ஓரத்து ஸ்க்ரூக்களை முதலில் எடுத்து, நடுவில் இருப்பதைக் கடைசிக்கு வையுங்கள், அது வரும்போது இரண்டு பக்கமும் ஆள் பிடித்திருக்க வேண்டும்.

எடுத்த பிறகு சுவரில் இருக்கிற கட்டை கெட்டியாக இருந்தால் அதையே புதுக் கம்பிக்கும் வைத்துக்கொள்ளலாம், தேக்குக் கட்டையாக இருந்தால் இன்னும் 30 வருடம் தாங்கும். வேண்டாம் என்றால் சுவர் மட்டத்துக்குச் சீவிவிட்டு மேலே புட்டி (பெயிண்டுக்கு முன் சுவரைச் சமப்படுத்தப் பூசுகிற மாவு) பூசுங்கள். செங்கல் தெரிகிற அந்தக் குழிக்கு நேராகப் புட்டி வைக்காதீர்கள். புட்டி மெல்லிய பூச்சுக்குத்தான், கனமாக வைத்தால் காய்ந்ததும் வெடிக்கும். குழியைத் தண்ணீர் விட்டு நனைத்து, சிமெண்டும் சலித்த மணலும் கலந்து முக்கால் பங்கு அடைத்து, இரண்டு நாள் ஈரம் காட்டி, நன்றாகக் காய்ந்த பிறகு மேலே புட்டி.

தேக்கு ஜன்னல் நிலைச்சட்டத்தில் இரும்பு ஆணி இருந்த இடம் கறுப்பாகக் கறை பிடித்திருக்கும். இழைத்தாலும் போகாது. ஆக்சாலிக் ஆசிட் பொடியை வெந்நீரில் கரைத்துத் தடவினால் வெளுக்கும், ஆனால் அது விஷம், கையுறை போட்டுக்கொள்ள வேண்டும், குழந்தை இருக்கிற நேரத்தில் வேண்டவே வேண்டாம். நிலைக்கு எனாமல் அடிக்கிறீர்கள் என்றால் அந்தக் கறையைப் பற்றிக் கவலையே இல்லை. பால்கனித் தட்டியை அறுத்துக் குப்பையில் போடுங்கள், அதைப் பார்த்துக்கொண்டிருக்க என்ன இருக்கிறது.

---

இரண்டு_வாண்டுகள் பதில்:

மற்றது எல்லாம் மெதுவாக நடக்கட்டும். தோழி, இன்றைக்கு அந்த வீட்டுக்குப் போகிறீர்கள் என்றால், முதல் வேலையாகச் சின்ன அறை பிளைண்டின் கயிறை வெட்டுங்கள். கழற்றுவது அடுத்த வாரம் ஆனாலும் பரவாயில்லை, கயிறு இன்றைக்கே போக வேண்டும்.

அந்தக் கயிறு ஒரு வளையமாகத் தொங்கும். நடக்கத் தொடங்கிய குழந்தை கட்டில் மேலோ நாற்காலி மேலோ ஏறி நின்று வெளியே பார்க்கும்போது கழுத்து அதில் மாட்டிக்கொண்டால் கத்தக்கூட முடியாது, சத்தமே இல்லாமல் சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும், பக்கத்து அறையில் இருக்கிறவருக்குத் தெரியவே தெரியாது. அமெரிக்காவில் இப்படிப் பல வருடமாகக் குழந்தைகள் இறந்து, கடைசியில் 2018 டிசம்பர் முதல் கடையில் ரெடிமேடாக விற்கிற பிளைண்டில் தொங்கும் கயிறே இருக்கக் கூடாது, அல்லது குழந்தைக்கு எட்டாதபடி இருக்க வேண்டும் என்று தரக் கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். நான் இதைப் படித்தது என் மூத்தவனுக்கு ஒரு வயதானபோது, அன்று இரவே டார்ச் வெளிச்சத்தில் எங்கள் வீட்டுக் கயிற்றை அறுத்தேன். அந்த அறையில் கட்டிலையும் ஜன்னலை ஒட்டிப் போடாதீர்கள். இது திரை இருந்தாலும் இல்லாவிட்டாலும்தான், ஏறி நிற்க வழி இருக்கக் கூடாது.

இனி கழற்றுவது. தகடுகள் அலுமினியமா பிளாஸ்டிக்கா என்று முதலில் பாருங்கள், நகத்தால் தட்டினாலே தெரியும். அலுமினியம் என்றால் எல்லாத் தகட்டையும் மேலே ஏற்றி, ஒரு பழைய புடவையால் மூட்டையாகச் சுற்றிக் கட்டிவிடுங்கள். இப்படிக் கட்டினால் தூசி உங்கள் மேல் கொட்டாது, ஓரம் கையைக் கிழிக்காது. மேலே தலைப்பட்டையின் இரண்டு முனையும் ஒரு சின்னத் தகரப் பெட்டிக்குள் செருகியிருக்கும். அந்தப் பெட்டிக்கு முன்பக்கம் ஒரு மூடி உண்டு, பக்கவாட்டில் நகர்த்தினாலோ மேலே தூக்கினாலோ திறக்கும். இரண்டு மூடியையும் திறந்தால் மொத்தமும் முன்னால் வழுக்கிக்கொண்டு வரும். ஸ்க்ரூ கழற்றவே வேண்டாம். அந்தத் தகரப் பெட்டியை மட்டும் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

பழைய இரும்புக் கடையில் போடப் போகிறீர்கள் என்றால் காந்தம் வைத்துப் பாருங்கள். தலைப்பட்டை பெரும்பாலும் இரும்பு, தகடு அலுமினியம். பிரித்துக் கொடுத்தால் அலுமினியத்துக்குத் தனி விலை. சேர்த்துக் கொடுத்தால் மொத்தத்தையும் இரும்பு விலைக்குத்தான் நிறுப்பார்கள்.

பிளாஸ்டிக் தகடு என்றால் விஷயம் வேறு. 1996இல் அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் வெளிநாட்டிலிருந்து வந்த வினைல் பிளைண்டுகளைப் பற்றி எச்சரிக்கை விட்டது. பிளாஸ்டிக் கெட்டியாக நிற்பதற்காக அதில் ஈயம் கலந்திருந்தார்கள், வெயிலும் சூடும் படப்பட அது சிதைந்து தகட்டின் மேல் ஈயத்தூளாகப் படிந்தது. குழந்தை தொட்டு வாயில் கை வைத்தால் உள்ளே போய்விடும். உங்களுடையது அந்த வகையா என்று பார்த்துச் சொல்ல வழியில்லை, ஆனால் வயதும் வெயிலும் ஒத்துப்போகிறது. அதனால் பிளாஸ்டிக் என்றால் துடைத்து வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள், ஈரத்துணியால் துடைத்து, அப்படியே பையில் கட்டி வெளியே போட்டுவிட்டு, ஜன்னல் மேடையையும் தரையையும் சோப்புத் தண்ணீரால் இரண்டு முறை துடையுங்கள். துடைப்பத்தால் பெருக்க வேண்டாம்.

---

கண்ணாடிக்காரன்_கோவை பதில்:

சன் ஃபிலிம் பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் நான். எங்கள் கடையில் ஒட்டுவதும் நாங்கள்தான், உரிப்பதும் நாங்கள்தான். 2012இல் கார் கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னபோது மாதக் கணக்கில் உரிக்கிற வேலை மட்டுமே செய்தோம். வீட்டு ஜன்னலுக்கு அந்தத் தடை கிடையாது, சிலர் இன்னும் குழப்பிக்கொள்கிறார்கள்.

ஊதாவாக மாறியது என்றால் சாயம் ஏற்றிய ஃபிலிம், சாயம் வெயிலில் வெளுத்து ஊதா மட்டும் மிஞ்சியிருக்கிறது. அந்த ஃபிலிம் இப்போது வெயிலைப் பெரிதாக ஒன்றும் தடுக்காது. எடுத்துவிடுங்கள்.

காய்ந்த நிலையில் சுரண்டாதீர்கள், அதனால்தான் பொடிப்பொடியாக வருகிறது. பசை இளக வேண்டும், அதற்குச் சூடும் ஈரமும் சேர்ந்து வேண்டும். ஃபிலிமுக்குள் தண்ணீர் இறங்காது என்பதால் பிளேடு நுனியால் ஃபிலிமில் மட்டும் லேசாக அங்கங்கே கோடு போடுங்கள். பாத்திரம் தேய்க்கிற சோப்புத் திரவத்தைத் தண்ணீரில் கலந்து நிறையத் தெளித்து, அதன் மேல் கறுப்புக் குப்பைப் பையை வெட்டி ஒட்டவிட்டுவிடுங்கள், ஈரத்திலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். மேற்கு ஜன்னல்தானே, மதியம் 2 மணிக்கு ஒட்டினால் 4 மணிக்குள் வெயிலே வேலையைச் செய்துவிடும். அப்புறம் பையை எடுத்துவிட்டு, மேல் மூலையிலிருந்து உங்கள் பக்கம் இழுக்காமல் கண்ணாடியை ஒட்டினாற்போல் கீழ்நோக்கி மெதுவாக இழுங்கள். அவசரப்பட்டால் மேல் தாள் மட்டும் வரும், சாயமும் பசையும் கண்ணாடியிலேயே தங்கிவிடும். தங்கிவிட்டால் செய்தித்தாளை நனைத்து ஒட்டி அரை மணி நேரம் விட்டு, ஈரம் காயாமலே பிளேடு ஸ்கிரேப்பரால் வழியுங்கள். பிளேடை முன்னோக்கித் தள்ளுவது மட்டும்தான், பின்னால் இழுத்தால் கோடு விழும். கண்ணாடியில் மணல் இருந்தாலும் கோடு விழும், எனவே முதலில் கழுவிவிடுங்கள்.

சுட்டுக்கொண்டிருக்கிற கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றாதீர்கள், சாதாரணக் கண்ணாடி விரிசல் விட்டுவிடும். வெதுவெதுப்பான தண்ணீர்தான். அமோனியா ஊற்றினால் சீக்கிரம் வரும் என்று வீடியோவில் காட்டுகிறார்கள். மூடிய அறையில் அந்த நெடி நெஞ்சை அடைக்கும், குழந்தை வரப்போகிற வீட்டில் வேண்டாம், சோப்புத் தண்ணீரே போதும், ஒரு மணி நேரம் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான்.

---

நங்கை_மாடிவீடு பதில்:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு விவரமாக யாரும் எழுதுவார்கள் என்று நான் நினைக்கவில்லை. இரண்டு_வாண்டுகள் எழுதியதைப் படித்த அன்றே போய்க் கயிற்றை வெட்டிவிட்டேன், தகடு அலுமினியம்தான். தகரப் பெட்டியின் மூடி துருப்பிடித்திருந்தது, எண்ணெய் விட்டுப் பத்து நிமிடம் கழித்துத் திறந்தது.

ஹாலில் இரண்டு பெல்மெட் வந்துவிட்டது, சுவரில் ஒரு கீறல் இல்லை. கத்தியால் கீறச் சொன்னீர்களே உளிச்சத்தம் அண்ணா, அதுதான் காப்பாற்றியது. மூன்றாவது பெட்டியில் வலது பக்கம் பொக்கென்று சத்தம் கேட்கிறது, தொடவில்லை, தச்சர் ஒருவரை வரச் சொல்லியிருக்கிறோம். ஒரு பெட்டிக்குள் ஒயர் இருந்தது, எதிர்பார்க்கவே இல்லை.

வெல்க்ரோதான் படுத்துகிறது. பட்டையை இழுத்தால் மரத்தில் இருந்த பெயிண்டும் சேர்ந்து வருகிறது, பசை மட்டும் அப்படியே நிற்கிறது. பெயிண்டர் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடலாம் என்கிறார். செய்யலாமா?

---

வைகைக்கரை பதில்:

அம்மா, உப்புத்தாளைக் காய்ந்த மரத்தில் போட விடாதீர்கள். இந்த ஒன்றுக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். நான் பொதுப்பணித் துறையில் கட்டடப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். 1993இல் அடித்த எனாமல் பெயிண்டில் ஈயம் இருந்திருக்க வாய்ப்பு அதிகம். வீட்டு பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்று நம் நாட்டில் சட்டமாக வந்ததே 2016இல், நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில். காய்ந்த நிலையில் தேய்த்தால் அந்தத் தூள் வீடு முழுக்கப் பறந்து தரையில் படியும், இரண்டரை வயதுக் குழந்தை தரையில்தான் விளையாடும். கறுப்பு வாட்டர் பேப்பர் என்று கடையில் கேளுங்கள், அதைத் தண்ணீரில் நனைத்து நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். கீழே பழைய பிளாஸ்டிக் தாள் விரித்து, வழிகிற சேற்றை அன்றன்றே துணியில் ஒற்றி எடுத்துக் கட்டிப் போட வேண்டும். பெயிண்டர் நேரம் ஆகும் என்பார், கூடுதலாக ஒரு நாள் கூலி கொடுங்கள்.

வெல்க்ரோ பசைக்கு முதலில் ஹேர் டிரையரால் சூடு காட்டிப் பட்டையை மெதுவாக எடுத்தால் பெயிண்ட் வராது. மிச்சப் பசைக்குத் தேங்காய் எண்ணெயும் ஆப்ப சோடாவும் குழைத்து அப்பி, அரை மணி நேரம் கழித்துப் பழைய ஏடிஎம் அட்டையால் வழியுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு கொஞ்சம்கூட இல்லாதபடி சோப்புப் போட்டுக் கழுவிக் காயவிட்ட பிறகுதான் பெயிண்ட். எண்ணெய் இருந்தால் புது பெயிண்ட் பிடிக்காது.

அடுத்து, பால்கனித் தட்டியைக் குப்பையில் போடச் சொன்ன நண்பரோடு எனக்கு உடன்பாடு இல்லை. நார் விட்டது போகட்டும். ஆனால் அந்த இடம் காலியாக இருக்கக் கூடாது. உங்கள் படுக்கையறை மேற்கு பார்த்தது. இப்போது ஃபிலிமையும் எடுத்துவிட்டு, தட்டியையும் எடுத்துவிட்டு, தை மாதக் குளிரில் பால் காய்ச்சிக் குடிபோனால் ஒன்றும் தெரியாது. சித்திரையில் தெரியும். சாதாரணக் கண்ணாடி தன் மேல் விழுகிற வெயிலின் சூட்டில் 80 சதவீதத்துக்கு மேல் உள்ளே விட்டுவிடும். உள்ளே எவ்வளவு கனமான திரை போட்டாலும் சூடு கண்ணாடியைத் தாண்டி வந்த பிறகுதான் திரையில் படுகிறது, வந்த சூடு அறைக்குள்தான் சுற்றும். வெளியே ஒரு தட்டி தொங்கினால் சூட்டில் பெரும்பகுதி கண்ணாடிக்கே வராது. நம் பெரியவர்கள் வெட்டிவேர்த் தட்டியை வாசலுக்கு வெளியே கட்டித் தண்ணீர் தெளித்தது வாசனைக்காக மட்டும் இல்லை. மேலே சன்ஷேடு இருக்கிறதே என்பீர்கள். சன்ஷேடு உச்சி வெயிலுக்கும் மழைக்கும்தான். நான்கு மணிக்கு மேற்கில் தாழ்ந்து நேராக முகத்தில் அடிக்கிற வெயிலை அது என்ன செய்யும்?

எனவே கழற்றுங்கள், ஆனால் கழற்றுகிற அன்றே அந்த இடத்துக்கு என்ன வரப்போகிறது என்று முடிவு செய்துவிடுங்கள். புது மூங்கில் தட்டி போதும். மேலே இரண்டு கொக்கி மட்டும் போட்டு விடாமல் கீழேயும் கட்டிவைக்க இரண்டு கொக்கி போடுங்கள். 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்தபோது மேல் கொக்கி மட்டும் இருந்த என் மகள் வீட்டுத் தட்டி இரண்டு தெரு தள்ளிப் போய் விழுந்தது. புயல் எச்சரிக்கை வந்தால் சுருட்டி அவிழ்த்து உள்ளே வைத்துவிட வேண்டும். சுருட்டுகிற கயிற்றை முழுக்கச் சுருட்டி ஆறடிக்கு மேலே ஓர் ஆணியில் கட்டுங்கள், மேலே தோழி சொன்ன காரணம் தட்டிக்கும் பொருந்தும்.

---

உளிச்சத்தம் பதில்:

ஐயா சொல்வது சரி. நான் நார் விட்ட தட்டியை மனதில் வைத்துச் சொன்னேன், மேற்கு வெயிலை யோசிக்கவில்லை. தங்கச்சி, அந்தக் கீழ்க் கொக்கிக்குச் சுவரில் துளை போடும்போது பிளாஸ்டிக் ராவல் பிளக் (ஸ்க்ரூ பிடிப்பதற்காகத் துளைக்குள் செருகுகிற குழல்) வைத்துப் போடுங்கள், பால்கனியில் மழை படும் என்பதால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூ. இரும்பு போட்டால் நாலைந்து மழைக்காலத்தில் துரு பிடித்துச் சுவரில் ஒழுகின கோடு தெரியும்.

கரையான் பிடித்த பெட்டியைக் கழற்றின பிறகு சுவரில் உள்ள கட்டையையும் பாருங்கள். அதிலும் இருந்தால் அதை மட்டும் உளியால் கொத்தி எடுத்தே ஆக வேண்டும், மருந்து அடித்துவிட்டு அடைக்கச் சொல்லுங்கள்.

---

நங்கை_மாடிவீடு பதில்:

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். வேலை முடிந்துவிட்டது. சன் ஃபிலிம் நான்கு கண்ணாடிக்கு இரண்டு மதியம் ஆனது. முதல் கண்ணாடியில் அவசரப்பட்டு மேல் தாள் தனியாக வந்துவிட்டது, செய்தித்தாள் ஒட்டி வழித்தோம். மற்ற மூன்றும் முழுசாக உரிந்து வந்தன. சமையலறை நிலையைப் பெயிண்டர் வாட்டர் பேப்பரால்தான் தேய்த்தார், ஐயா சொன்ன காரணத்தைச் சொன்னதும் அவரே மூக்கில் துணி கட்டிக்கொண்டார், இத்தனை வருடமாகக் காய்ந்தபடியே தேய்த்திருக்கிறேனே என்று வருத்தப்பட்டார். மூன்றாவது பெட்டியில் கரையான் இருந்தது உண்மை, கட்டை வரைக்கும் போயிருந்தது. தச்சர் கொத்தி எடுத்து மருந்து வைத்தார். பால்கனிக்குப் புதுத் தட்டி வந்துவிட்டது, நான்கு கொக்கியோடு.

அம்மாவின் திரைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். கழற்றும்போது ஒவ்வொன்றும் நான் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. தூசிதான் என்று நினைத்தேன். வாளியில் ஊற வைக்கப் போனால் கீழ் மடிப்புக்குள் கட்டி கட்டியாக ஏதோ கையில் தட்டியது. அம்மாவைக் கேட்டேன். மின்விசிறி போட்டால் திரை பறக்கிறது என்று 25 காசு நாணயங்களை மடிப்புக்குள் வைத்துத் தைத்தாராம், சாணுக்கு ஒன்று. எனக்கு இத்தனை வருடமாகத் தெரியாது. துணி வெயில் பட்ட பக்கம் எல்லாம் நைந்து, துவைத்த கையோடு கிழிந்துவிட்டது, அதைக் காப்பாற்ற முடியவில்லை. மடிப்பைப் பிரித்து நாணயங்களை எடுத்தோம், காண்டாமிருகம் போட்ட காசு, துருவே இல்லை, ஆறு திரையிலும் சேர்த்து 54. 2011இலேயே செல்லாமல் போன காசு. மகள் வாயில் போட்டுக்கொள்வாள் என்று அம்மா ஒவ்வொன்றாக எண்ணி டப்பாவில் போட்டு அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டார்.

ஹாலுக்குப் புதுப் பருத்தித் துணி எடுத்துத் தைக்கக் கொடுத்திருக்கிறோம். கீழ் மடிப்பை மட்டும் தைக்காமல் கொடுங்கள் என்று தையல்காரரிடம் அம்மா சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.